20 அடிப் படகும் ரெண்டு எஞ்சினும்

கஜா புயல் கரையேறிய ராத்திரி, 2018 நவம்பர் 15 விடிந்தால் 16, நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இரவு வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் சேதுபாவாசத்திரம் பக்கம். மறுநாள் மத்தியானம்தான் லைன் கிடைத்தது. அப்பா சொன்னது இவ்வளவுதான்: "வீடு நிக்கிது. தென்னை போச்சு. வள்ளம் ரோட்டோரம் கிடக்கு, ரெண்டா."

அதன் பிறகு அப்பாவுக்குச் சொந்தப் படகு இல்லை. நாலரை வருஷம் அடுத்தவர் படகில் பங்குக்குப் போனார். 2023-இல் ஊர் திரும்பியதும் நான் முதலில் கையில் எடுத்தது அவருக்கு ஒரு சின்னப் படகு தேடும் வேலையை. பதினோரு வருஷம் தண்டும் பேரிங்கும் மாற்றியவன், எஞ்சின் விஷயத்தில் என்னிடம் யாரும் பேச முடியாது என்று நினைத்திருந்தேன். எடை, நீளம், எண்ணெய்க் கணக்கு எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வந்தேன். என் தப்புகளும் அதே நோட்டில் இருக்கின்றன. இங்கே எழுதுவது எல்லாம் அதிலிருந்துதான்.

அப்பாவுக்கு வேண்டியது நண்டு வலைப் படகு. சாயங்காலம் போய் வலையை அடியில் இறக்கி, விடியக்காலையில் தூக்கி, நீலக்கால் நண்டைச் சிக்கெடுத்துக்கொண்டு ஏலத்துக்கு வரவேண்டும். போகிற தூரம் 5, 6 கடல் மைல். ஆள் ரெண்டு, வேலை நெருக்கினால் மூன்று. பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, சராசரியே 9 மீட்டர்தான் சொல்வார்கள். எங்கள் கரை சேறு. வத்தத்தில், அதாவது கடல் வற்றும் நேரத்தில், படகு தரையில் உட்கார்ந்துவிடும், இறங்கித் தள்ளவேண்டும். சென்னைப் பக்கம்போல கரையில் அலை உடைவதில்லை. ஆனால் வாடைக் காலத்தில் குட்டை குட்டையாக, அடுத்தடுத்து அடிக்கும் அலை. மூன்று பேர் முதுகும் விலாவும் மறுநாள் அதைச் சொல்லும்.

இதை எழுதி வைத்த பிறகுதான் படகு பார்க்கவே கிளம்பினேன். அது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

முதலில் பார்த்தது 28 அடி ஃபைபர். விலை மலிவு. ஆனால் அதைச் சேற்றில் தள்ள ஐந்து பேர் வேண்டும், எங்கள் வீட்டில் இருப்பது ரெண்டே முக்கால் ஆள் (சித்தப்பாவுக்கு முட்டி வலி). ரெண்டாவது, புத்தம் புது 18 அடி. பளபளவென்று இருந்தது. அடிப்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன், டால்டா டின் மூடிபோல உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணாடியிழை ரெண்டு லேயர் போடவேண்டிய இடத்தில் ஒன்று போட்டிருப்பார்கள். எடை குறைந்த படகு நல்லதுதான், அதற்காக இப்படியா?

மூன்றாவது ஒரு சீமைக் கருவேல மரத்தடியில் கிடந்தது. 20 அடி, அகலம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இதுவும் கஜாவில் அடிபட்டது. கரைச் சுவரில் மோதி அடியில் ரெண்டடி நீளத்துக்கு விரிசல். உடைமைக்காரர் கடலை விட்டுவிட்டு திருப்பூர் போய்விட்டார். உள்ளே மழைத் தண்ணீர் தேங்கி, அதில் தவளைக் குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது.

சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் அடி முழுவதும் தட்டிப் பார்த்தேன். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று காய்ந்த தேங்காய் ஓட்டைத் தட்டுவதுபோலப் பேசும். லேயர் பிரிந்த இடம், உள்ளே தண்ணீர் இறங்கிய இடம் 'தொப்' என்று செத்த சத்தம் போடும். சத்தம் மாறிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம். அடியில் மூன்று வட்டம், பக்கத்தில் ஒன்றுமில்லை. எஞ்சின் மாட்டும் பின்பலகை முழுக்க ஒரே 'தொப்'. அப்பா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "இது பழுத்த பலாப்பழம்" என்றார். 38,000 ரூபாய்க்கு முடிந்தது.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் பேராவூரணி எடை மேடையில் நிறுத்தினேன். வண்டி எடை போக 410 கிலோ. டிரைவர் சிரித்தார், படகை யாராவது எடை போடுவார்களா என்று. அந்த 410 பிற்பாடு எல்லாக் கணக்குக்கும் அடிப்படை ஆகிவிட்டது. வீட்டில் பக்கவாட்டுப் பெட்டிகளை அறுத்துத் திறந்தால், மிதப்புக்காக உள்ளே அடைத்திருந்த தெர்மாகோல் பூராவும் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருந்தது. பிழிந்தால் ஒழுகுகிறது. அள்ளிப் போட்டு, வெயிலில் ரெண்டு வாரம் காயவிட்டு மறுபடி எடை போட்டேன்: 345. அறுபத்தைந்து கிலோ தண்ணீரை இந்தப் படகு சும்மா சுமந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு ஆள் எடை. தெர்மாகோலுக்குப் பதில் மூடி இறுக்கி ஒட்டிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் பத்தை உள்ளே கட்டினேன். படகில் தண்ணீர் நிறைந்தாலும் 200 கிலோ தூக்கும். ஒரு கேன் ஓட்டையானால் ஒன்றோடு போகும்.

அடி விரிசலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடித்தகடு 6 மில்லிமீட்டர் கனம். கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும் என்பது முறை, அதாவது விரிசலின் ரெண்டு பக்கமும் மூணு மூணு அங்குலம். கிரைண்டரில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, சின்னத் துண்டில் ஆரம்பித்துப் பெரிய துண்டு வரை கண்ணாடியிழை மேட் வைத்து ரெசினால் ஒட்டினேன். ரெசின் கலக்கும்போது ஒரு எச்சரிக்கை மட்டும்: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடு ஒன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுக் கடைசியில்தான் கேட்டலிஸ்ட். எங்கள் பக்கம் ரெண்டையும் ஒரே மாதிரி பழைய குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றில் சிவப்பு டேப் சுற்றினேன்.

பின்பலகைதான் பெரிய வேலை. வெளித்தோலை அப்படியே அச்சாக விட்டு, உள்தோலை மட்டும் வெட்டி எடுத்தேன். உள்ளே இருந்த பிளைவுட் கையால் அள்ளும்படி புட்டு மாதிரி உதிர்ந்தது. காரணம் தெளிவாகத் தெரிந்தது. முன்பு எஞ்சின் மாட்டியவர்கள் போட்ட போல்ட் ஓட்டை நாலு. மரத்தில் நேராகத் துளைத்து, போல்ட்டை முடுக்கி, அதோடு விட்டிருக்கிறார்கள். அந்த நாலு ஓட்டை வழியாகத்தான் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் உள்ளே குடியேறியிருக்கிறது.

ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மில்லிமீட்டரில் ரெண்டு தகடு. ரெண்டையும் ரெசினில் ஊறவைத்து ஒட்டி 36 ஆக்கி, வெளித்தோலின் உட்பக்கம் இழைத்தூள் கலந்த ரெசின் பசை தடவி, அதன்மேல் வைத்து, வீட்டில் இருந்த எல்லா கிளாம்பும் போதாமல் தென்னை மட்டையை முட்டுக் கொடுத்து இறுக்கினேன். மறுநாள் மூலைகளைப் பசையால் உருட்டி மழுக்கி, மேலே மூன்று அடுக்கு மேட். போல்ட் ஓட்டையை வேண்டிய அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் துளைத்து, ரெசினால் முழுக்க அடைத்து, காய்ந்த பின் அந்த ரெசின் நடுவில்தான் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தேன். இப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. ஒரு மணி நேரம் கூடுதல் வேலைதான்.

இதுவரை பட்டறை மூளை நன்றாக வேலை செய்தது.

மச்சானிடம் ஒரு 15 ஹெச்பி பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளியே மாட்டும் எஞ்சின், இருந்தது. டூ ஸ்ட்ரோக், பழசு, நல்ல கண்டிஷன். பெரிய படகுக்கு மாறிவிட்டதால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். "மாப்ள, பறக்கும் பாரு!" அந்த எஞ்சினின் தண்டு நீளம் 15 அங்குலம். எங்கள் பின்பலகை உயரம் 20. அவுட்போர்டில் விசிறிக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராக, இல்லாவிட்டால் அதற்கு ஓர் அங்குலம் கீழே நிற்கவேண்டும். மேலே போனால் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். ஆக எஞ்சின் ஐந்து அங்குலம் கீழே இறங்கவேண்டும்.

நான் என்ன செய்தேன்? எஞ்சினை மாற்றாமல் பலகையை அறுத்தேன். நானே வார்த்த பலகை, ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுவில் ஐந்து அங்குலம் பள்ளம். அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். எங்கள் வீட்டில் அப்பா பேசாமல் போனால் அது ஒரு கருத்து.

முதல் ஓட்டம். நானும் மச்சானும் மட்டும், வலை இல்லை, ஐஸ் இல்லை. த்ராட்டிலை முழுக்கத் திருகியதும் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கி, கொஞ்ச தூரத்தில் படகு தண்ணீர்மேல் ஏறி வழுக்க ஆரம்பித்தது. ஃபோன் ஜிபிஎஸ் மணிக்கு 12 கடல் மைல் காட்டியது. கரையில் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மூன்று பேர், ஈர வலை, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், நங்கூரம், கயிறு. படகோடு சேர்த்து 850 கிலோவை ஒட்டி வந்தது. அதே எஞ்சின், அதே த்ராட்டில். 6 கடல் மைல். அணியம் வானத்தைப் பார்க்கிறது, பின்பக்கம் குழி தோண்டிக்கொண்டு உட்காருகிறது, பின்னால் மலைபோல அலை எழும்புகிறது, எஞ்சின் அலறுகிறது. படகு நகரமாட்டேன் என்கிறது. அப்பா காதருகே வந்து கத்தினார்: "வள்ளம் அது வேகத்துலதான் போவுது தம்பி. நீ எஞ்சினைத்தான் ஓட்டுற."

அந்த ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கை, வாங்குவதற்கு முன் போட்டிருக்கவேண்டும். தண்ணீரைக் கிழித்துப் போகிற படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கடல் மைல் கணக்கில் அந்த வரம்பு கிடைக்கும். எங்களுடையது 18 அடி. 5.7 வருகிறது, மணிக்குப் பத்தரை கிலோமீட்டர். அதற்கு மேலே போக முயன்றால் படகு தான் எழுப்பிய அலையின்மேலேயே ஏறவேண்டும். எடை குறைவாக இருந்தால் 15 ஹெச்பி ஏற்றிவிடும், முதல் நாள் நடந்தது அதுதான். 850 கிலோவை ஏற்ற அதைப்போல ரெண்டு மடங்கு எஞ்சின் வேண்டும். அதை மாட்டினால் அந்த எஞ்சினும் அதன் எண்ணெயும் இன்னும் எடை. வரம்புக்குள்ளேயே போவதானால் டன்னுக்கு 5 ஹெச்பி தாராளம் என்பது பழைய கணக்கு. எங்களுக்கு நாலேகால் ஹெச்பி. எதிர்க்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கையிருப்பு சேர்த்தாலும் எட்டு, பத்து.

காலிப் படகில் எஞ்சின் ஓட்டிப் பார்ப்பது பெண் பார்க்கப் போன அன்று குடித்த காபியை வைத்துச் சமையலைத் தீர்மானிப்பதுபோல. இது என் மனைவி சொன்னது.

ஆனாலும் எஞ்சினை விட மனசில்லை. விசிறியைச் சரிபண்ணினால் போதும் என்று தோன்றியது. விசிறியில் ரெண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது விட்டம். ரெண்டாவது பிட்ச், அதாவது வழுக்காமல் திருகாணிபோலப் போனால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. மச்சான் எஞ்சினில் இருந்தது 10 அங்குல பிட்ச். எஞ்சின் 5000 சுற்றில் ஓடினால் கியர் குறைத்து விசிறி 2400 சுற்றுச் சுற்றும். நிமிஷத்துக்கு 24,000 அங்குலம், மணிக்கு 20 கடல் மைலை ஒட்டி. படகு போவதோ ஆறு. இது இலகுவான, பாயும் படகுக்குச் செய்த விசிறி. நம் படகில் மாட்டினால், மேட்டில் டாப் கியரில் லோடு லாரி ஏறுவது மாதிரி. சுற்று அளக்கும் டேக்கோமீட்டர் வைத்துப் பார்த்தேன், முழுக்கத் திறந்தும் 3900-ஐத் தாண்டவில்லை. 7 அங்குல பிட்ச் விசிறி வாங்கிப் போட்டதும் 4700 வந்தது, எஞ்சின் மூச்சு விட்டது, வேகம் 6.4 ஆனது. ஆனால் எண்ணெய்?

எண்ணெய் அளக்க ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனில் அரை லிட்டருக்கு ஒரு டேப் ஒட்டினேன். மனோரா கோபுரம் தெரிகிற தொலைவில் ரெண்டு மிதப்பு போட்டு, நடுவில் ஒரு கடல் மைல். ஒரு தடவை போய், உடனே திரும்பி வந்து, ரெண்டுக்கும் சராசரி. போக்கு மட்டும் அளந்தால் நீரோட்டம் உங்களைப் பொய் சொல்ல வைக்கும். முழு த்ராட்டிலில் 6.4 வேகத்துக்கு மணிக்கு ஆறரை லிட்டர். பாதித் த்ராட்டிலில் 5.2 வேகத்துக்கு மூன்றேகால். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் தனி. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் முழு த்ராட்டிலில் போய்வர 12 மைலுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். வலையில் நண்டு ஏறாத நாளும் உண்டு.

எண்ணெய்க்காக மட்டும் அந்த எஞ்சினை விட்டிருப்பேனா, தெரியாது. ரெண்டு சம்பவம் முடிவு கட்டின.

ஒன்று கடல்புல். எங்கள் கடலடியில் மைல் கணக்கில் புல்வெளி. ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடற்பசு மேய்வது இதில்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததும் இதனால்தான். காற்று மாறும்போது அறுந்த புல் பாய்போல மிதந்து வரும். அவுட்போர்டு கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிரவேண்டும். புல் உறிஞ்சும் வாயை அடைத்தது. பின்னால் பீய்ச்சிக்கொண்டிருக்கும் தண்ணீர் நின்றதை மச்சான் கவனிக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே பிஸ்டன் கவ்வியிருக்கும். கரைக்கு வருவதற்குள் ஐந்து தடவை எஞ்சினை நிறுத்திப் புல் எடுத்தோம்.

மற்றொன்று அந்தப் பள்ளம். கார்த்திகையில் ஒரு நாள் வலை தூக்கித் திரும்பும்போது வாடை ஏறிவிட்டது. வலையில் ஒரு முடிச்சு சிக்கி, எடுக்கலாம் என்று எஞ்சினை மெதுவாக்கினேன். நாங்களே எழுப்பிய அலையும் பின்னாலிருந்து வந்த குட்டை அலையும் சேர்ந்து, நான் அறுத்த ஐந்து அங்குலப் பள்ளம் வழியாக நேராக உள்ளே வந்தன. ஒரே ஊற்றில் கணுக்கால் அளவு. ரெண்டாவது அலையில் முழங்கால். அப்பா துடுப்பைப் பின்னால் போட்டு அணியத்தைக் காற்றுக்குத் திருப்பினார், நானும் சித்தப்பாவும் வாளியால் இறைத்தோம். ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டோம். பேச்சு மூச்சில்லாமல் இருபது நிமிஷம். கரை ஏறியதும் அப்பா ரம்பத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இத இனிமே உங்கிட்டயே வச்சுக்க. நான் எடுத்து ஒளிச்சு வைக்கலாம்னு பாத்தேன், நீ கிரைண்டர்ல அறுப்ப."

பின்பலகையை ரெண்டாம் தடவை கட்டினேன். பள்ளத்தை அடைத்து, பழைய 20 அங்குலத்துக்கு மேல் இன்னும் ரெண்டு ஏற்றினேன்.

சித்தப்பாவின் பழைய படகில் ஓடிக்கொண்டிருந்த 10 ஹெச்பி டீசல் லாங்டெயில் எஞ்சின் சும்மா கிடந்தது. ஒத்தை சிலிண்டர், காற்றால் குளிர்வது. பின்பலகை மேல் ஒரு முளையில் உட்கார்ந்து, நீளத் தண்டு பின்னால் சரிந்து தண்ணீருக்குள் போகும் வகை. கிழக்குக் கரையில் பாதிப் படகில் இதுதான். பட்டறைக்காரக் கண்ணுக்கு அது அசிங்கம். சத்தம், அதிர்ச்சி, எண்ணெய்க் கசிவு. எடையும் அவுட்போர்டைப்போல ரெண்டு மடங்கு, தண்டோடு 80 கிலோ. ஆனால் தரை தட்டினால் கைப்பிடியை அமுக்கினால் போதும், விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். புல் சுற்றினால் தூக்கி, நிறுத்தி, கத்தியால் அறுத்துவிடலாம். குளிர்விக்கக் கடல் தண்ணீரே வேண்டாம், அடைக்க வாயே இல்லை.

எஞ்சினைப் பிரித்து ரிங், வால்வ், இன்ஜெக்டர் பார்த்தேன். ஒரு வாரம் போனது. அது வேறு கதை, எல்லா ஒத்தை சிலிண்டர் டீசலிலும் ஒரே கதைதான். 80 கிலோ பின்னால் ஏறியதால் பின்பக்கம் தாழ்ந்து அணியம் தூக்கிக்கொண்டது. ஐஸ் பெட்டியை முன்வரிசைக்கு நகர்த்தி, வலையை நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் அடுக்கியதும் சமம் ஆனது. காசில்லாத வேலை, வேகத்தில் கால் மைல் கூடியது.

அதே மிதப்பு, அதே ஒரு மைல், அதே 850 கிலோ. முழுக்கத் திறந்தால் 6 கடல் மைல், மணிக்கு 2.1 லிட்டர் டீசல். த்ராட்டிலைக் குறைத்து 4.8-இல் போனால் 1.1 லிட்டர். மறுபடி அளந்தேன், நம்பாமல். அதேதான். கடைசி ஒரு மைல் வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய அதே அளவு டீசலை இன்னொரு முறை குடிக்கிறது. 6 மைல் தூரத்துக்கு வித்தியாசம் 15 நிமிஷம். அப்பாவிடம் சொன்னேன், மெதுவாகப் போனால் போகவர ஒன்றேகால் லிட்டருக்கு மேல் மிச்சம் என்று. "பதினஞ்சு நிமிஷம் முன்னாடி வந்து நான் என்ன கலெக்டரப் பாக்கவா போறேன்?" என்றார். ஏலத்துக்கு முந்தவேண்டிய நாளில் மட்டும் அவரே முழுக்கத் திறந்துகொண்டு வருவார், கேட்டால் எதிர்க்காற்று என்பார்.

டீசலின் குறைகளையும் சொல்லவேண்டும். அதிர்ச்சியில் ரெண்டே மாதத்தில் பின்பலகை மூலைகளில் முடிபோலக் கீறல் விழுந்தது. பலகை பழுதில்லை, பலகையும் அடியும் சேரும் இடம் தாங்கவில்லை. பலகையிலிருந்து அடித்தளத்துக்குச் சாய்வாக ரெண்டு முக்கோண முட்டு வைத்து மேட்டால் போர்த்தினேன், அதோடு நின்றது. முதலிலேயே வைத்திருக்கவேண்டும். சுற்றுகிற தண்டு திறந்து கிடப்பதும் ஆபத்து, லுங்கி முனையைப் பிடித்தால் ஆளையே இழுக்கும். படகுக்குள் வருகிற பகுதிக்குப் பிவிசி பைப்பைப் பிளந்து உறை போட்டேன். சத்தத்துக்கு மருந்தில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு காது மந்தம். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த காதடைப்பானைக் கொடுத்தேன், அதைத் தூண்டில் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மாசி மாதம் ஒரு விடியலில் எஞ்சின் இருமி இருமி நின்றது. கேன் மூடியின் ரப்பர் வளையம் தொலைந்ததை நான்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பனியும் அலைத் துளியும் இறங்கி, டீசலில் தண்ணீர். ஃபில்டரைக் கழற்றினால் அடியில் முத்து முத்தாக நிற்கிறது. வடித்துவிட்டு, இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, கையால் சுற்றிக் காற்று எடுக்கவேண்டும். குமிழி நின்று சுத்த டீசல் தெறிக்கும்வரை. 14 நம்பர் ஸ்பேனர் இருந்தது, 17 வீட்டில். நான் தலையில் கைவைத்து உட்கார, அப்பா படகின் ஓரத்தில் எப்போதும் கட்டியிருக்கும் மூங்கிலை அவிழ்த்தார். அதில் ஒரு பழைய பாய் சுற்றியிருந்தது. எடை கூடுகிறது, இறக்கி வையுங்கள் என்று நான் ரெண்டு தடவை சண்டை போட்ட மூங்கில். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. பாயை விரித்து, துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு, மனோராவைப் பார்த்து விட்டார். ரெண்டு மைல் வேகம் இருக்கும். மூன்று மணி நேரத்தில் கரை. நண்டு உயிரோடுதான் இருந்தது. நோட்டில் அன்றைக்கு "எண்ணெய் 0" என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது படகில் ரெண்டு ஃபில்டர், முதல் ஃபில்டரின் அடியில் கண்ணாடிக் கிண்ணம், தண்ணீர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியும். 14, 17 ஸ்பேனர் ரெண்டும் கயிற்றில் கட்டித் தொங்குகின்றன. மீன்வளத்துறையில் பதிவு முடிந்து அணியத்தில் நம்பர் எழுதியாகிவிட்டது. திங்கள், புதன், சனி விசைப்படகுகள் வரும் நாள், அன்றைக்கு நாங்கள் போவதில்லை. மற்ற நாளில் அப்பாவும் ஒரு பையனும் போகிறார்கள், பல நாள் நானும். 15 ஹெச்பி எஞ்சினை 7 அங்குல விசிறியோடு மச்சானுக்கே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிய விலையில் மூவாயிரம் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டான்.

தண்டின் கடைசி புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறது. மணல் கலந்த தண்ணீரில் ஓடினால் அப்படித்தான். பட்டுக்கோட்டை லேத்தில் கன்மெட்டலில் கடையக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகலாம் என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். மூங்கிலுக்குப் புதுப் பாய் ஒன்றும் தைத்து வைத்திருக்கிறார், பழையதைவிட ரெண்டடி பெரிசு.